கார்டு வீட்டு ஊதாச் சுவர்

சுவர் காயும்வரை அந்த ரயில் கார்டு வீட்டு அம்மா உட்கார மாட்டார். நின்றபடியே இருப்பார். கையில் ஒரு துண்டு கம்பளி நூல். அதைச் சுவர்மேல் வைப்பார். எடுப்பார். மறுபடி வைப்பார். நிறம் கலந்த சுண்ணாம்புக்கு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். "நாளைக்கு வந்து பாக்கலாங்கம்மா" என்பேன். கேட்க மாட்டார். அடுப்பில் சோறு தீயும். வாசனை எனக்கே வரும். அவருக்கு வராது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தின கதை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் குவாட்டர்ஸ்களுக்கு வெள்ளையடிக்கிற கும்பலில் நான் ஒரு ஆள். வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே வெள்ளை, வெளியே வெள்ளை, அடியில் ஒரு முழம் தார். வேறு நிறம் கூடாது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வரிசையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அந்த அம்மா வீட்டுக்குள் மட்டும் ஊதா. முன் அறையில் வெளிர் ஊதா. நடு அறையில் அதைவிட அழுத்தம். பின் அறை கத்தரிக்காய்த் தோல் மாதிரி. ஜன்னல் திரை ஊதா. மேசை விரிப்பு ஊதா. பிரம்பு நாற்காலிக்கு ஊதாப் பூச்சு. தலையணை உறை, விளக்குக்குக் காகித மூடி, தண்ணீர்ச் சொம்பை மூடுகிற பின்னல் துணி, எல்லாம் ஊதா. வாசலில் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்ட ஆர்க்கிட் பூவும் ஊதா. நடுவில் வேண்டுமென்றே ஒரு நீலத் திரை, ஒரு சாம்பல் நிறத் தலையணை. உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் எனக்கு வெயிலே மஞ்சளாகத் தெரியும்.

முதல் நாள் நான் வெள்ளைச் சுண்ணாம்பு வாளியோடுதான் போனேன். அந்த அம்மா வாசலில் மறித்துக்கொண்டார்.

"உதென்ன?"

"சுண்ணாம்புங்கம்மா."

"என்ன நிறம்?"

"வெள்ளதான். வேற ஏது?"

"எனக்கு ஊதா வேணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மனுஷி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கொண்டையை இறுக்கி முடிந்திருப்பார். புருஷன் ரயில் கார்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் போய் வருகிற வண்டியில் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கிறவர். பிள்ளை இல்லை.

"மண்டோரு ஏசுவாருங்க" என்றேன். மண்டோர் என்றால் எங்கள் கும்பலுக்கு மேலாள்.

"வெளியில வெள்ளை அடியும். உள்ளுக்கு ஊதா. உள்ளுக்கு ஆர் வந்து பாக்கிறது?"

"முடியாதுங்கம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் கதைக்கிற ஆளோ?"

"இல்லீங்க."

"ஓம். ரெண்டு நாளாப் பக்கத்து வீட்டில நீர் வேலை செய்யேக்க பாத்தன். ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அதுதான் உமக்குச் சொல்லுறன்."

சொன்னார். புருஷனுக்குக் கண் பரீட்சை வருகிறது. மூன்று மாதம்தான் இருக்கிறது. வேலையில் சேரும்போது கொடியைக் காட்டிக் கேட்டதோடு விட்டுவிட்டார்கள். இப்போது புதுச் சட்டம். டாக்டர் ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல் வைத்திருப்பார். ஒரு ஊதா நூலைக் காட்டி, இதன் இனத்தையெல்லாம் பொறுக்கு என்பார்.

"இவருக்கு ஊதா தெரியாது. நீலத்தையும் சாம்பலையும் சேத்துப் பொறுக்கிறார். பிழைவிட்டால் ரயிலால இறக்கிப் போடுவினம். வீடும் போகும். ரயிலை விட்டால் இவருக்கு வேற ஒண்டும் தெரியாது தம்பி. லீவு நாளிலயும் ஸ்டேசனுக்குப் போய் இருந்துட்டு வாற மனுஷன்."

"பச்சை, செகப்புங்க?"

"அது தெரியும்" என்றார். தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியும் எண்டுதான் சொல்லுறார்" என்றார்.

"அதுக்கு எதுக்குங்கம்மா சுவரு?"

"நாள் முழுக்க ஊதாவுக்குள்ள இருந்தால் கண் பழகும். பழகினால் வராதது ஒண்டுமில்லை."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பேன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கப்பலில் வந்து இறங்கின புதுசில் டுரியான் பழ வாசனைக்கே வாந்தி எடுத்தவராம். தினம் ஒரு சுளையை வாங்கிச் சமையல்கட்டில் வைத்துக்கொண்டு சமைத்தாராம். முதல் மாதம் மூக்கைக் கட்டிக்கொண்டு. அடுத்த மாதம் கட்டாமல். நான் பார்த்த காலத்தில் ஒரு முழுப் பழத்தைத் தனியாக உடைத்துத் தின்பார். தின்றுவிட்டு, "பாத்தீரோ" என்பார். அப்படிப்பட்டவர்.

நான் ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சரி என்று சொன்னேனா என்றே சந்தேகம். மறுநாள் வாளியில் நீலத்தையும் காவியையும் கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஊதா எங்கும் விற்காது. கலக்கத்தான் வேண்டும். துணிக்குப் போடுகிற நீலம், தரைக்குப் பூசுகிற காவி, இந்த இரண்டும்தான் சுண்ணாம்பில் நிற்கும். மற்ற நிறத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும். நீலம் கூடினால் வானம் மாதிரி ஆகும். காவி கூடினால் செங்கல் மாதிரி ஆகும். நடுவில் ஒரு மயிரிழைதான் ஊதா. அந்த மயிரிழைக்காகத்தான் அவர் நூலை வைத்துக்கொண்டு நிற்பார்.

நடு அறைக்கு நான் கலக்கினது அவருக்குப் பிடிக்கவில்லை. "மங்கிக் கிடக்கு" என்றார். வேலியில் சங்குப்பூ படர்ந்திருந்தது. ஒரு கூடை பறித்து, கசக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். அருமையான ஊதா. கண்ணைப் பறித்தது.

"கடையில இப்பிடிக் கிடைக்குமோ? ஊத்தும்."

"நிக்காதுங்கம்மா. பூச்சாயம்."

"ஊத்தும் எண்டுறன்."

ஊற்றினேன். கலக்கினேன். ஊதா நீலமானது. நீலம் கலங்கியது. கடைசியில் குளத்துப் பாசி மாதிரி மங்கல் பச்சையாகி நின்றது. அந்த அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கார்டு ஐயா வேலை முடிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், அக்குளில் சுருட்டின கொடிகள். நல்ல உயரம். மெதுவாகப் பேசுகிறவர். வாளியை எட்டிப் பார்த்தார். பெண்சாதி முகத்தைப் பார்த்தார். திரும்ப வாளியைப் பார்த்தார்.

"ஆ, இதெல்லோ ஊதா" என்றார். "நல்லா வந்திருக்கு."

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

நானும் அம்மாவும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அது பச்சைங்கம்மா" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"எனக்குக் கண் இருக்கு தம்பி" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். வெறும் வாளியை என் கையில் தந்தார். "நீலமும் காவியுமே கலவும்."

நான் அன்று ரயில் பாதை ஓரமாக வீட்டுக்கு நடந்தேன். கைகாட்டி மரம் நின்றது. பகலில் கை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளலாம். நிறம் தேவையில்லை. இருட்டினால் விளக்கு மட்டும்தான். பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வண்டியில் டிரைவர் இருக்கிறான், அவன் பார்ப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கார்டு எதற்கு இருக்கிறார் என்றும் நினைத்தேன்.

வீட்டில் என் பெண்சாதி அஞ்சலை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னய்யா இது, நகமெல்லாம் ஊதா?"

"சாயம்."

"வெள்ளையடிக்கிறவனுக்கு ஏது சாயம்?"

நான் கையை உருவிக்கொண்டு கழுவப் போனேன். அவளும் பழகினவள்.

ஊதா வீட்டுக்குள் அடங்கி இருந்திருந்தால் சிக்கல் இல்லை. எதிர் வீட்டு ஸ்டோர்கீப்பர் சம்சாரம் ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா இது, அரண்மனை மாதிரி!"

அந்த அம்மா கண் இமைக்கவில்லை. "இப்ப இதுதானே மோஸ்தர். துரைமார் பங்களாவில எல்லாம் இதுதான். லண்டனில வெள்ளைச் சுவரே இல்லையாம்."

அதற்கு மறுநாள் ஸ்டோர்கீப்பர் சம்சாரம் என்னைக் கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் கடைசி வீட்டு வேதக்காரக் குடும்பம். அவர்களுக்கு நாற்பது நாள் நோன்பு வருகிறதாம். மாதா கோயிலில் ஊதாத் துணி போடுவார்களாம், வீட்டிலும் இருக்கட்டும் என்றார்கள். அந்த அம்மா அவர்களிடம், "அதுக்காகத்தானே நானும்" என்றாராம். சைவக்காரிக்கு நோன்பேது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் நாலு வீடு ஊதா.

எல்லா வீட்டுக்கும் அவரே வந்து நிற்பார். இந்தச் சுவருக்கு அந்தத் திரை ஒவ்வாது, மேசையை ஜன்னல் பக்கம் போடும், வெளிச்சம் விழுந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பார். சொல்லும்போது முகம் மலரும். சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினதைக்கூடப் பார்த்திருக்கிறேன். புருஷனுக்காகச் செய்கிறாரா, ஊதாவுக்காகவே செய்கிறாரா என்று எனக்குக் குழம்பிப்போகும். ஒரு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறவர். எனக்குச் சொன்னது மட்டும் நிசமா என்றுகூடத் தோன்றும். அப்போது அந்தப் பச்சை வாளி நினைவுக்கு வரும்.

மண்டோர் ஒருநாள் கைத்தடியோடு வந்து நின்றார். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டார்.

"எவன்டா இது?"

நான் வாளியைக் கலக்கினேன்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? எவன் வேல இது?"

அம்மா வெளியே வந்தார். "நான்தான் செய்யச் சொன்னன். ஊதாச் சுவரில நுளம்பு இராது."

"என்னது?"

"கொசு, கொசு. உங்கட பாசையில கொசு. வந்து பாரும், ஒண்டாவது குந்தி இருக்குதோ எண்டு."

மண்டோர் உள்ளே போனார். சுவரோடு முகத்தை ஒட்டித் தேடினார். பட்டப்பகல். எந்தச் சுவரிலும் கொசு இருக்காத நேரம். திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது. அவர் பிள்ளைக்கு முந்தின வருஷம் கொசுக்காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரிசு.

"நெசமாவாங்கம்மா?"

"பொய் சொல்லி எனக்கென்ன வரப்போகுது?"

மண்டோர் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். "வர்ற ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக்கும் வந்துரு. எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. ஆனா ஒண்ணு. பெரிய தொர வருஷப் பார்வைக்கு வர்றப்ப இந்த லைன் பூரா வெள்ளையா இருக்கணும். ஒரு சுவத்துல ஊதா தெரிஞ்சாலும் ஒன் சீட்டக் கிழிச்சுருவேன்."

அவர் போனதும் நான் அம்மாவிடம் கேட்டேன். "நெசமா கொசு வராதுங்களா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றார்.

பாடம் நடப்பதை ஏணிமேல் இருந்து பார்த்திருக்கிறேன். கார்டு ஐயா வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் அம்மா ஒரு சுளகை மேசைமேல் வைப்பார். அதில் நூறு துண்டு நூல். தானே சாயம் போட்டது பாதி, பட்டணத்துக் கடையில் வாங்கினது பாதி. ஒரு ஊதாத் துண்டைக் கையில் தருவார்.

"பொறுக்குங்கோ."

அவர் பொறுக்குவார். மெதுவாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. முதல் வாரம் பத்துக்கு ஆறு தப்பு. இரண்டாம் மாதம் பத்துக்கு ஒன்று. அம்மாவுக்குத் தலைகால் புரியாது. எனக்கும் சேர்த்துக் கோப்பி வரும்.

"பாத்தீரோ தம்பி? பழகினால் வராதது ஒண்டுமில்லை."

நானும் நம்பினேன். கண் பழகும்போல என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சாமான் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். நான் முன் அறையில் இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். கார்டு ஐயா லீவில் இருந்தார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் இப்ப பூசுறது என்ன நிறம்?"

"ஊதாங்கய்யா."

"முந்திக் கிடந்தது?"

"அதுவும் ஊதாதான். இது கொஞ்சம் அழுத்தம்."

"ஓ." தலையணையை எடுத்து மடியில் வைத்தார். "இது ஊதா. ஓரத்தில பின்னல் இருக்கு. அந்தத் திரை நீலம். மடிப்பு மூண்டு. இந்த விரிப்பு ஊதா. மூலையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு." சிரித்தார். "நூலும் அப்பிடித்தான். அவள் சாயம் போட்டது விறைப்பா இருக்கும். கடை நூல் மெத்தெண்டு இருக்கும். ஒவ்வொண்டா விரலால பாடமாக்கிப் போட்டன்."

நான் பூசுகிற மட்டையைச் சுண்ணாம்பில் போட்டுவிட்டுத் திரும்பினேன். "நெறம் தெரியலீங்களாய்யா?"

"எனக்கு இந்த வீடு முழுக்க மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கு. ஊதா எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது."

"அம்மாகிட்ட சொல்லலீங்களா?"

"சொல்லி? பாவம், அவள் எனக்கு வந்திட்டுது எண்டு நினைச்சு இருக்கிறாள். நீரும் சொல்லாதயும்."

நான் மட்டையை வாளி விளிம்பில் வழித்தேன். பிறகு கேட்டேன். "பச்ச, செகப்பு?"

கொடியை எடுத்து ஒரு முனையைக் காட்டினார். சின்ன முடிச்சு. "முடிச்சு இருந்தால் பச்சை."

"வெளக்குங்கய்யா?"

அவர் கொடியைச் சுருட்டினார். "ஏணி ஆடுது. பாத்து ஏறும்" என்றார்.

இப்படி ஒரே வீட்டில் இரண்டு பேர் சொன்ன இரண்டு ரகசியம் என்னிடம் இருந்தது. ஒன்று போதாதா? நான் வேலைக்குப் போகிற வழியில் ரயில் ஆபீஸ் வாசல். இரண்டு நாள் அங்கே போய் நின்றேன். சொன்னால் இவர்கள் தெருவில் நிற்பார்கள். சொல்லாவிட்டால், கிள்ளான் வண்டியில் ஏறுகிற ஜனம். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அதில் போய் வருகிறார்கள். ஆனால் இத்தனை வருஷமாக அவர் கொடி காட்டின வண்டி ஒன்றும் கவிழவில்லை. அதையும் நினைத்தேன். எதை நினைத்தாலும் அடுத்தது வந்து அதை அழித்தது.

இரண்டாம் நாள் வாசல் காவலுக்கு நிற்கிற ஜாகா கேட்டான், "என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பரீட்சை நாள் காலையில் கார்டு ஐயா கஞ்சி போட்ட சட்டையில் போனார். நான் பக்கத்து வீட்டு வெளிச்சுவரில் வேலையாக இருந்தேன். அந்த அம்மா கோயிலுக்குப் போகவில்லை, சமைக்கவில்லை. வாசல் படியைத் தேங்காய் மட்டையால் தேய்த்தார். தேய்த்த படியையே திரும்பத் தேய்த்தார். மதியம் கார்டு ஐயா வந்து வாசல் கேட்டருகில் நின்றார்.

"பாஸ்" என்றார்.

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. புருஷன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார், சுவர் காய்வதைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "சாப்பிட வாங்கோ" என்றார். அன்று சமையலே ஆகவில்லை என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.

நான் ஐயாவைச் சந்தில் பார்த்துக் கேட்டேன். "எப்படிங்கய்யா?"

"எனக்கே விளங்கேல்லை தம்பி. டாக்குத்தர் பெட்டியைக் கவிழ்த்தார். எல்லாம் புது நூல். ஒண்டும் விரலுக்குத் தெரிஞ்சதில்லை. கையை விட்டன். எடுத்தன். போதும் எண்டு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்."

"தெரிஞ்சு எடுத்தீங்களா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்தது. அது ஊதாவோ, பயமோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

டாக்டர் சரியாகப் பார்த்தாரா? ஆள் நிறைய நின்றதால் அவசரப்பட்டாரா? இல்லை, கண் நிசமாகவே பழகிவிட்டதா? எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது?

மறுவாரம் பெரிய துரை பார்வைக்கு வருகிறார் என்று எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடித்தேன். ஊதாமேல் வெள்ளை லேசில் ஏறாது. மூன்று பூச்சு. ஸ்டோர்கீப்பர் சம்சாரம் மூக்கைச் சிந்தினார். மண்டோர் வீட்டுப் பக்கம் எந்தத் துரையும் வரமாட்டான், அது ஊதாவாகவே இருந்தது. கார்டு வீட்டுக்கு நான் போனபோது அம்மா திரைகளைக் கழற்றி மூட்டை கட்டி வைத்திருந்தார். "அடியும்" என்றார். அவ்வளவுதான். நின்று பார்க்கவில்லை. குடையையும் ஒரு தூக்குச் சட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மட்டும் இல்லை. அதன் பிறகு அவரை வீட்டில் பார்க்கவே முடியவில்லை. கதவு பூட்டியே இருக்கும். ஆர்க்கிட் காய்ந்துபோனது. தினமும் எங்கே போகிறார் என்று வரிசைப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒருத்தி கோயில் என்றாள். ஒருத்தி வேறு ஏதோ சொன்னாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். அஞ்சலையின் அக்காவுக்குக் கிள்ளானில் பிள்ளை பிறந்தது. நானும் அஞ்சலையும் எங்கள் மகளும் பார்க்கப் புறப்பட்டோம். மகளுக்கு அப்போது நாலு வயது. ஸ்டேசனில் டிக்கட் வாங்கிக்கொண்டு நடந்தோம். கடைசிப் பெட்டி வாசலில் கார்டு ஐயா நின்றார். என் கால் நின்றுவிட்டது.

"என்னய்யா, மரம் மாதிரி நிக்கிற?" என்றாள் அஞ்சலை. "வண்டி கெளம்பப் போவுது."

"அடுத்த வண்டியில போலாம்."

"டிக்கட்டு வாங்கியாச்சு. புள்ளைக்கு வெயிலு தாங்காது. ஏன், இந்த வண்டிக்கு என்ன கொள்ள?"

மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி."

கார்டு பெட்டிக்கு முந்தின பெட்டியில், கடைசி ஜன்னலில் அந்த அம்மா. பக்கத்தில் குடை, தூக்குச் சட்டி.

நான் ஜன்னலருகே போனேன். "எங்கம்மா போறீங்க?"

"ஒரு இடமும் இல்லை. கிள்ளான் போயிட்டு இதே வண்டியில திரும்புவன்."

"தெனமுமா?"

"இவர் போற வண்டி எல்லாத்திலயும், பகலிலயும் இரவிலயும். ரயில்காரர் வீட்டுக்குப் பாஸ் இருக்குதானே."

அஞ்சலையையும் மகளையும் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இவர் பாடமாக்கினவர் எண்டது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? ஒருநாள் தலையணை உறையை மாத்திப் போட்டுப் பாத்தன். பிழைவிட்டார். திரும்ப நான் மாத்தேல்லை."

"அப்புறம் எதுக்குங்கம்மா அவ்வளவு சுவரு? அவ்வளவு ஊதா?"

அவர் யோசித்தார். நெற்றியில் கை வைத்து யோசித்தார். "எனக்கும் தெரியேல்லை" என்றார். "நீர் ஏறும். நான் இருக்கிறன்தானே."

அஞ்சலை அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். நம்பி ஏறினேனா, வெட்கப்பட்டு ஏறினேனா, சொல்லத் தெரியவில்லை.

பகல்தான், கைகாட்டியின் கை கண்ணுக்குத் தெரியும்; ஆனாலும் கார்டு ஐயா அதைப் பார்க்கவில்லை. இந்த ஜன்னலைத்தான் பார்த்தார். அம்மா தலையை வெளியே நீட்டி முன்னால் பார்த்தார். பிறகு ஜன்னல் கட்டைமேல் கையை விரித்து வைத்தார். கொடி உயர்ந்தது. வண்டி நகர்ந்தது.

வழி முழுக்க அப்படித்தான். கைகாட்டி வருகிற இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கு முன்னாலேயே தலை வெளியே போய்விடும். எஞ்சின் புகை முகத்தில் அடிக்கும். கண்ணை மூட மாட்டார். வழி திறந்திருந்தால் கை விரியும், இல்லாவிட்டால் மூடும்.

மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, அந்தம்மா என்ன பாக்குறாங்க?"

"வேடிக்க பாக்குறாங்க" என்றாள் அஞ்சலை.

பத்து தீகா ஸ்டேசன் தாண்டி ஒரு இடத்தில் அம்மாவின் கை மூடியது. உடனே பின்னால் விசில் கேட்டது. வண்டி நின்றது. வயல் நடுவில் கொஞ்ச நேரம் நின்றோம். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். டிரைவர் முன்னாலேயே பார்த்து நிறுத்தினானா, விசில் கேட்டு நிறுத்தினானா, எனக்குத் தெரியாது. எதிர் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பிறகு கை விரிந்தது. புறப்பட்டோம்.

கிள்ளான் வந்தது. இறங்கினோம். அஞ்சலை முன்னால் நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா இறங்கவில்லை. ஒரு கண் கரித்தூள் விழுந்து சிவந்திருந்தது. முந்தானையில் ஒற்றிக்கொண்டார். பிறகு குடையையும் தூக்குச் சட்டியையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தார். திரும்பிப் போகும்போது கைகாட்டி அந்தப் பக்கம்.